அளவுகோல் பழுதுற்றால்

சிறு வயதில் என் பாட்டியாருடன் காட்டாக்கடைச் சந்தைக்குச் செல்வது எனக்கு வழக்கம். மரச்சீனிக் கிழங்கும் நல்லமிளகும் வாழைக்குலைகளும் குவிந்து கிடக்கும் அச்சந்தையில், பாட்டியார் எப்பொருளை வாங்குவதற்கு முன்னும் கடைக்காரப் பிள்ளையிடம், "மக்களே, முதல்லே வெறுந் தராசைத் தூக்கிக் காட்டு" என்பார். இரண்டு தட்டுகளும் ஒன்றாய் நிற்பதைக் கண்ட பிறகே விலை பேசத் தொடங்குவார். கடைக்காரரிடம் அவருக்குப் பகை ஏதும் இல்லை. தராசு கோணி நின்றால் வாங்குபவருக்கும் நட்டம் வரலாம், விற்பவருக்கும் வரலாம் என்பது அவர் கண்ட உண்மை. பின்னாளில் நான் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்க்கும் தொழிலுக்கு வந்தபோது, தடித்த ஆங்கிலக் கையேடுகள் பல பக்கங்களில் சொன்ன பாடமும் பாட்டியாரின் அந்த ஒரு வாக்கியமும் ஒன்றே என்பதை உணர்ந்தேன்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை, காட்டாக்கடைப் பகுதிகளின் எல்லைக் கிராமங்களை உங்களிற் சிலர் அறிந்திருப்பீர்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பெற்றபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டமோ கேரளத்தில் நின்றது. அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் வீட்டை விட்டு ஓர் அடியும் நகராமலே வெளிமாநிலத் தமிழர் ஆயின. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் முதல் ராக்கெட் விண்ணிற் பாய்ந்தது. 1973-இல் கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனம் தோன்றியது. இவற்றால் மின்னணுத் தொழில் இப்பகுதி இளைஞர்களுக்கு அயல் தொழிலாக இல்லாமற் போயிற்று. அத்தொழிலைக் கற்றுக்கொண்டு பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் சென்றவர் பலர். அவர்களுள் ஒருவனாக உங்கள் முன் பேசுகின்றேன்.

சோதனைச்சாலைகளில் 'நெட்வொர்க் அனலைசர்' என்று வழங்கும் அளவுக் கருவியைப் பற்றியும், அதில் பழுது நேர்ந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறையைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகின்றேன்.

ஆழமான கிணற்றின் விளிம்பில் நின்று குரல் கொடுத்தால், குரலில் ஒரு பங்கு எதிரொலியாகத் திரும்பி வருகின்றது. திரும்பி வரும் ஒலியைக் கேட்டே கிணற்றின் ஆழத்தையும் நீர் இருப்பையும் ஒருவாறு ஊகிக்கலாம். நெட்வொர்க் அனலைசர் செய்வதும் ஏறக்குறைய இதுவே. சோதிக்க வேண்டிய ஆன்டெனாவுக்கோ வடிகட்டிக்கோ பெருக்கிக்கோ அது ஒரு மின்னலையை அனுப்புகின்றது. அவ்வலையில் எவ்வளவு திரும்பி வந்தது, எவ்வளவு மறுபுறம் கடந்து சென்றது, அலை எவ்வளவு நேரம் பிந்தியது ஆகியவற்றை ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அளந்து, திரையில் கோடாக வரைந்து காட்டுகின்றது. திரும்பி வரும் அலை எவ்வளவு குறைந்ததோ அதனை டெசிபெல் என்னும் அலகாற் குறிப்பர். 10 டெசிபெல் என்றால் அனுப்பிய ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு திரும்பி வந்தது என்று பொருள். 20 டெசிபெல் என்றால் நூறில் ஒரு பங்கு. எண் பெருகப் பெருக, அந்த ஆன்டெனா அலையை நன்கு ஏற்றுக்கொள்கின்றது என்று கொள்ளலாம்.

இக்கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. அலையின் எதிரொளிப்பைக் கணக்கிட உதவும் வட்ட வரைபடத்தை அமெரிக்கப் பொறியாளர் ஃபிலிப் ஸ்மித் 1939-இல் வெளியிட்டார். ஹியூலட்-பக்கார்டு நிறுவனத்தின் 8410 என்னும் அனலைசர் 1967-இல் வந்தது. அதே நிறுவனத்தின் 8510 என்னும் கருவி 1984-இல் வெளிவந்தது. தன் பிழையைத் தானே கணக்கிட்டுக் கழித்துக்கொள்ளும் ஆற்றலை அது சோதனைச்சாலைகளுக்குப் பரவலாகக் கொடுத்தது. இந்த ஆற்றலே ஒரு புதிய இடருக்கும் வழி வகுத்தது. கருவி தன்னைத் திருத்திக்கொள்கின்றது என்று நம்பியவர்கள், கருவியை ஐயுறுவதையே மறந்துவிட்டார்கள்.

நான் கண்ட நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுகின்றேன். நான் பணிபுரிந்த ஒரு தொழிற்சாலையில், பாறசாலைப் பக்கத்து இளைஞன் ஒருவன் ஆன்டெனாக்களைச் சோதிக்கும் மேசையில் அமர்த்தப்பெற்றிருந்தான். வேலைக்கு வந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது; அவ்வூர் மொழியும் அவனுக்கு நன்றாகப் பழகவில்லை. ஒரு வாரத்தில் அவன் கையால் கழிக்கப்பெற்ற ஆன்டெனாக்கள் பெட்டி பெட்டியாய்ப் பெருகின. உற்பத்திப் பகுதியினர், "பையனுக்குக் கனெக்டர் முடுக்கத் தெரியவில்லை" என்றார்கள். மேற்பார்வையாளர் அவனை வேறு வேலைக்கு மாற்றிவிட எண்ணினார். வேறு வேலை என்பது பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்புவதையே குறிக்கும். அவன் என்னிடம் வந்து, "அண்ணே, நான் என்ன தப்பு செய்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை" என்றான்.

நான் அவனுக்கு வாதம் செய்யக் கற்பிக்கவில்லை. "தம்பி, வெறுந் தராசைத் தூக்கிக் காட்டு" என்றேன். எங்கள் நாட்டுப் பிள்ளையாதலின் அவனுக்கு உடனே புரிந்தது. அனலைசருடன் 'லோடு' எனப்படும் ஒரு சிறிய திட்டப் பொருள் வரும். தன்னிடம் வரும் அலையை முழுவதும் விழுங்கி, ஏறக்குறைய ஒன்றையும் திருப்பி அனுப்பாத பொருள் அது. காலையில் அளவுத் திருத்தம் செய்த அதே கேபிளின் நுனியில் அந்த லோடை அவன் பொருத்தினான். திரையில் 40 டெசிபெல் அளவில் கோடு நிற்க வேண்டும். ஆனால் கேபிளைச் சற்றே வளைத்தவுடன் கோடு துள்ளி 18 டெசிபெல்லுக்கு ஏறி வந்தது, நிமிர்த்தினால் இறங்கியது. மேற்பார்வையாளரை அழைத்து, ஒரு சொல்லும் பேசாமல், கேபிளை மும்முறை வளைத்துக் காட்டினான். பின்னர் வேறு கேபிளைப் பூட்டி, மீண்டும் அளவுத் திருத்தம் செய்து, அதையும் வளைத்துக் காட்டினான். கோடு அசையவில்லை. பழைய கேபிளைக் கழற்றிப் பார்த்தபோது, கனெக்டருக்குப் பின்னால் அதன் வெளிக்கவசம் விரிசல் கண்டிருந்தது.

கழிக்கப்பெற்ற ஆன்டெனாக்களை மறுபடி அளந்தோம். பெரும்பாலானவை குற்றமற்றவை. இளைஞனுடைய வேலை நிலைத்தது. ஆனால் அன்று எங்களை உறங்கவிடாத கேள்வி வேறொன்று. அதே கேபிளால் 'நல்லது' என்று முத்திரை பெற்று அனுப்பப்பெற்றவை எத்தனை? அவற்றுள் கெட்டவையும் இருக்குமோ?

இக்கேள்வி ஏன் எழுகின்றது என்பதைச் சிறு கணக்கால் விளக்குவேன். அனுப்பும் அலையின் உயரத்தை நூறு என்று கொள்வோம். திரும்பி வரும் அலை 25-க்குள் இருந்தால் ஆன்டெனா தேறியது என்பது விதி. பழுதான கேபிள் தானாகவே ஏறக்குறைய 12 அளவுள்ள பொய்யலை ஒன்றைத் திருப்புகின்றது. ஓர் ஆன்டெனா மெய்யாகவே 20 மட்டும் திருப்புகின்ற நல்ல ஆன்டெனா ஆகுக. மெய்யலையும் பொய்யலையும் ஒத்த கட்டத்திற் சந்தித்தால் இரண்டும் கூடி 32 ஆகும், நல்லது கழிக்கப்படும். வேறோர் ஆன்டெனா 31 திருப்புகின்ற கெட்ட ஆன்டெனா ஆகுக. இரண்டு அலைகளும் எதிரெதிர்க் கட்டத்திற் சந்தித்தால் ஒன்றை ஒன்று குறைத்து 19 ஆகும், கெட்டது தேறிவிடும். ஆகவே பழுதான அளவுக் கருவி எப்போதும் ஒரே பக்கமாகப் பொய் சொல்வதில்லை. குற்றமற்றவனைத் தண்டிக்கும் அதே கை குற்றவாளியை விடுதலையும் செய்கின்றது. அன்றைய ஆன்டெனாக்கள் அனைத்தையும், தேறியவை தேறாதவை என்று பாராமல், திரும்ப அளந்து தீர்த்தோம்.

இனி, பழுதைத் தேடும் முறைக்கு வருவோம். நோய் இன்னது, அதன் காரணம் இன்னது, தணிக்கும் வழி இன்னது என்று வரிசையாக ஆராயுமாறு வள்ளுவர் மருத்துவனுக்குக் கூறினார். கருவி மருத்துவனுக்கும் அந்த வரிசையே பொருந்தும். வெளியிலிருந்து உள்ளே செல்ல வேண்டும். எளியதிலிருந்து அரியதற்குச் செல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றிக் கருவி சரியாகிவிட்டால், எது பழுது என்பது தெரியாமலே போய்விடும்.

முதலில் கனெக்டர்களைப் பாருங்கள். கைப்பூதக்கண்ணாடி ஒன்று போதும். மரையில் உலோகத் துகள், முகத்தில் கீறல், நடுஊசி வளைந்தோ வெளியே நீண்டோ இருத்தல் ஆகியவை அன்றாடம் காணும் குறைகள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துளி நனைத்த, நூல் பிரியாத பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். பூட்டும்போது மரையுள்ள வளையத்தை மட்டும் திருக வேண்டும். உடலைத் திருகினால் ஊசி ஊசியோடு உராய்ந்து தேயும். முடுக்குவதற்கு அளவு விசைச் சாவி உண்டு, 3.5 மில்லிமீட்டர்க் கனெக்டருக்கு ஏறக்குறைய 0.9 நியூட்டன்-மீட்டர் போதுமானது. குறட்டினால் முடுக்குவது கொல்லன் சம்மட்டியால் கடிகாரம் திருத்துவது போன்றது. என்-வகைக் கனெக்டரில் 50 ஓம், 75 ஓம் என்று இரண்டு இனங்கள் உள்ளன. வெளித்தோற்றம் ஒன்றே, நடுஊசியின் பருமன் வேறு. 50 ஓம் ஊசியை 75 ஓம் துளையில் நுழைத்தால் அத்துளை விரிந்து கெட்டுவிடும். அதன்பிறகு அது சில நேரம் தொடும், சில நேரம் தொடாது. விட்டுவிட்டு வரும் பழுதுகளில் இது மிகவும் தொல்லை தருவது.

இரண்டாவது, கேபிள். நுனியில் 'ஷார்ட்' என்னும் திட்டப் பொருளைப் பொருத்துங்கள். அது வந்த அலையை எல்லாம் திருப்பி அனுப்புமாதலால், கோடு சுழிய டெசிபெல்லில் நேராக நிற்க வேண்டும். கேபிளை மெதுவாக வளைத்து, கனெக்டர் அருகே விரலால் அசைத்துப் பாருங்கள். கோடு நடுங்கினால் குற்றவாளி அகப்பட்டான். பின்னர் இரண்டு வாயில்களின் கேபிள்களையும் இடம் மாற்றுங்கள். பழுது கேபிளுடன் சென்றால் கேபிளில் உள்ளது. வாயிலிலேயே நின்றால் கருவியில் உள்ளது.

மூன்றாவது, அளவுத் திருத்தம். கருவியை இயக்கி அரை மணி நேரமாவது சூடேறி நிலைக்க விட்ட பிறகே அதைச் செய்தல் வேண்டும். ஓப்பன், ஷார்ட், லோடு, த்ரூ ஆகிய நான்கையும் வரிசையாகப் பொருத்தும்போது, கருவியில் தேர்ந்தெடுத்த பெட்டியின் பெயரும் கையில் உள்ள பெட்டியும் ஒன்றாக இருத்தல் வேண்டும்; ஆண் கனெக்டர், பெண் கனெக்டர் என்ற வேறுபாடும் மாறிவிடக்கூடாது. இங்கே அனுபவமுள்ளவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. திருத்தம் செய்ததும் அதே லோடை மீண்டும் பொருத்தி, 'கோடு அழகாக இருக்கின்றது' என்று மகிழ்கின்றோம். அந்த லோடே கெட்டிருந்தால்? கெட்ட லோடை 'இதுவே சரி' என்று கருவிக்குக் கற்பித்த பின்பு, கருவி அதைச் சரியென்று காட்டாமல் வேறென்ன செய்யும்? வழக்கில் சம்பந்தப்பட்டவரையே சாட்சியாக அழைப்பது போன்றது இது. ஆகவே திருத்தத்தில் பங்கு பெறாத வேறொரு பொருள் வேண்டும். முன்பே நம்பகமாக அளந்து குறித்துவைத்த ஆற்றல் குறைப்பி ஒன்றைப் பேழையில் தனியே வைத்திருங்கள். அதுவே உங்கள் நடுநிலைச் சாட்சி. அதன் இன்றைய அளவு பழைய குறிப்புடன் ஒத்து வந்தால் மட்டுமே மேலே செல்லுங்கள்.

என் அனுபவத்தில், 'அனலைசர் கெட்டுவிட்டது' என்று வந்த முறையீடுகளிற் பெரும்பாலானவை இந்த மூன்று படிகளிலேயே தீர்ந்துவிட்டன. தீராதபோதுதான் கருவியின் உட்புறத்தை எண்ண வேண்டும்.

உட்புறத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து நோக்குவது நலம். மின்சாரம் வழங்கும் பகுதி, கட்டளையிடும் கணிப்பகுதி, அலையை உண்டாக்கும் பகுதி, அலையைப் பெற்று அளக்கும் பகுதி ஆகியவை அவை. முதலாவது எப்போதும் மின்சாரமே. விசிறி சுழல்கின்றதா, காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டுக் கருவி சூடேறி நின்றதா, ஃப்யூஸ் முழுமையாக உள்ளதா, கையேடு கூறும் வோல்ட் அளவுகள் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். பழைய கருவிகளில் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் உலர்ந்துபோவது இயல்பு. மின்சாரம் தூய்மையாக இல்லாவிடில் மற்றப் பகுதிகள் எல்லாம் பொய்க் குறைகளைக் காட்டும். அவற்றைத் துரத்துவது வீண் உழைப்பு.

சில மாதிரிகளில், அலையைக் கட்டத்துடன் பூட்டிவைக்க முடியவில்லை என்ற எச்சரிக்கை திரையில் தோன்றும். உடனே கருவியைத் திறக்கவேண்டா. ஒப்பீட்டு வாயிலுக்குச் செல்லும் சிறு இணைப்புக் கம்பி முன்முகத்திலேயே உள்ள மாதிரிகள் உண்டு. அது தளர்ந்திருந்தாலும் இதே எச்சரிக்கை வரும். அது சரியாக இருந்தால், அலையின் ஆற்றலை ஆற்றல் மானியாலும் அதிர்வெண்ணை எண்ணியாலும் அளந்து பாருங்கள். அவை சரியெனில் குறை பெறும் பகுதியிலேயே இருக்கும். ஒரே அலையைப் பெறும் வாயில்கள் ஒவ்வொன்றுக்கும் மாறி மாறிக் கொடுத்தால், எது மாறுபட்டுப் பேசுகின்றதோ அதுவே நோயுற்றது. மற்றுமொரு செய்தி: பழைய கருவிகள் தம் திருத்த எண்களை ஒரு சிறு மின்கலத்தின் துணையால் நினைவில் வைத்துள்ளன. மின்கலம் இறந்தால் நினைவும் அழியும். உயிரோடு இருக்கும்போதே அவ்வெண்களைப் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். குழல் திரையுள்ள பழைய கருவிகளின் உள்ளே பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். பயிற்சி பெற்றவர் உடனின்றி எவரும் மூடியைக் கழற்றலாகாது.

கருவிக்கு நாமே இழைக்கும் தீங்குகளும் உண்டு. உடலில் தேங்கிய நிலைமின்சாரம் விரலின் வழியே வாயிலில் பாய்ந்தால் போதும், நுண்ணிய பெறும் பகுதி கருகிவிடும். மணிக்கட்டில் புவியிணைப்புப் பட்டை அணிவது அதற்காகவே. ஒலிபரப்பும் சாதனத்தின் ஆற்றலை நேரே வாயிலுக்குள் விடுவது அதைவிடக் கொடியது. வாயிலருகே பொறித்துள்ள எல்லை அளவைப் படியாமல் எதையும் பூட்டாதீர்கள்.

எங்கள் காட்டாக்கடைப் பக்கத்தில் இயற்கையும் கருவிக்கு எதிரியே. கிழக்கே அகத்தியமலைத் தொடர். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஆகிய இரண்டு மழையும் உண்டு. ஈரத்தால் கனெக்டர்கள் களிம்பேறும். சுற்றுப் பலகைகளில் பூஞ்சை படரும். கோடை மழைக் காலத்திலும் ஐப்பசியிலும் இடிமின்னல் கடுமை. கூரையில் உள்ள ஆன்டெனாவின் கேபிளை இரவு முழுதும் கருவியில் பூட்டிவைத்துவிட்டு உறங்கச் செல்பவர் காலையில் வருந்துவார். வேலை முடிந்ததும் கேபிளைக் கழற்றி, வாயில்களுக்கு மூடியிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியைத் திட்டப் பொருள்களின் பேழையில் இட்டுவையுங்கள். மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் நேயர்களுக்கும் இந்த அறிவுரை பொருந்தும். கடற்காற்று எங்கும் ஒன்றே.

முன்னாளில் இக்கருவியைத் தொட்டுப் பார்ப்பதற்கே பெரிய சோதனைச்சாலையில் இடம் கிடைக்க வேண்டும். இன்று உள்ளங்கையில் அடங்கும் சிறு அனலைசர்கள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பெரிய கருவியின் துல்லியம் அவற்றுக்கு இல்லை. ஆயினும் ஓப்பன், ஷார்ட், லோடு என்ற அடிப்படைப் பாடத்தை வீட்டுத் திண்ணையிலேயே கற்றுக்கொள்ள அவை போதும். பிள்ளைகள் இத்துறையை நாடினால் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

இறுதியாக, வெளிமாநிலங்களில் தொழில் புரியும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மேசையருகே ஒரு குறிப்பேடு வைத்திருங்கள். இன்று எந்தக் கேபிள், எந்தத் திட்டப் பொருள், நடுநிலைச் சாட்சியின் அளவு என்ன என்பதை நாள்தோறும் எழுதுங்கள். அலுவலகத்துக்கு வேண்டியதை அவர்கள் மொழியில் எழுதலாம். உங்கள் சிந்தனையைத் தமிழிலேயே எழுதலாம். அயலூரில் மொழி தடுமாறும்போது பழி எளிதில் வந்து சேரும். அந்தப் பாறசாலை இளைஞனைக் காத்தது ஒரு லோடும், கேபிளை மும்முறை வளைத்துக் காட்டிய அவன் பொறுமையுமே. அவன் இன்று அதே தொழிலில் மூத்த பணியாளன். புதிதாய் வருபவர்களிடம் அவன் முதலிற் கேட்பது, "காலையில் வெறுந் தராசைப் பார்த்தாயா?" என்பதே. தமிழ் அறியாதவர்களும் அவன் எதைக் கேட்கின்றான் என்று இப்போது புரிந்துகொள்கின்றார்களாம்.